றொக் நிகழ்ச்சியளின்ர பழைய ரிக்கெற், கசெற், போன் வீடியோ: யாழ்ப்பாணத்து ஈரத்தில எப்பிடிக் காப்பாத்திறது?

கொக்குவில்_கிற்றார்:

வணக்கம் உறவுகளே,

கூட்டாளிமார் நாலு பேர் சேர்ந்தும் தனித்தனியாவும் பார்த்த றொக் நிகழ்ச்சியளின்ர சாமான் எல்லாம் இப்ப ஒரே சூட்கேசில யாழ்ப்பாணத்தில கிடக்குது. ஒருத்தர் ரொறன்ரோ, ஒருத்தர் லண்டன், மற்ற ரெண்டு பேரும் சென்னையில படிச்ச ஆக்கள். எல்லாத்தையும் கொம்பியூட்டரில ஏத்தி நாலு பேருக்கும் ஒவ்வொரு பிரதி குடுக்கிறதுதான் நோக்கம். உள்ளுக்க இருக்கிறது இதுகள்:

ரிக்கெற் ஒரு கட்டு. 2003 யூலை ரொறன்ரோ டவுன்ஸ்வியூ பார்க் (றோலிங் ஸ்ரோன்ஸ், ஏசி/டிசி, றஷ் வந்த நிகழ்ச்சி), 2005 லண்டன் ஹைட் பார்க் லைவ் 8, பெங்களூர் பலஸ் கிறவுண்ட்ஸில அயன் மெய்டன், மெட்டாலிக்கா. கொஞ்சம் நல்லா இருக்குது, கொஞ்சத்தில எழுத்து மங்கி வெறும் வெள்ளைத்தாள் மாதிரிப் போட்டுது. லமினேற் பண்ணினா மிச்சம் தப்புமோ?

கூட்டத்துக்க நிண்டு வோக்மனில பதிஞ்ச கசெற்றுகள். ரெண்டு மூண்டில வெள்ளையாப் பூஞ்சணம் பிடிச்சிருக்குது. மினிடிவி (கையடக்கக் கமெராவின்ர சின்ன வீடியோ) நாடா மூண்டு. பாண்டுகளின்ர ரி-சேட்டும் கொஞ்சம். பிறகு போன் கிளிப், நொக்கியா காலத்து 3ஜிபி (.3gp எண்ட பழைய போன் வீடியோ வடிவம்) முதல் 2025 மே மும்பை கன்ஸ் அன் றோசஸ் வரைக்கும். நாலு பேர் நாலு இடத்தில நிண்டு எடுத்ததை ஒரே வீடியோவா இணைக்கலாமோ?

இன்னொரு சண்டையும் இருக்குது. மெய்டன் ரிக்கெற்றில திகதிப் பக்கம் கிழிஞ்சு போச்சு. ஒருத்தர் 2007 எண்டுறார், மற்றவர் 2009 எண்டு சத்தியம் பண்ணுறார்.


மாரிமழை:

தம்பி, லமினேற்றரைக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். மங்கிப்போன ரிக்கெற் எல்லாம் தேர்மல் தாள். மையில அச்சடிக்கிறேல்ல, சூட்டுக்குக் கறுக்கிற பூச்சுத்தான் அதில எழுத்தா நிக்குது. லமினேற்றர் 100 பாகைக்கு மேல சூடு குடுக்கும். ஒரு செக்கனில தாள் முழுக்கக் கறுத்துப் போடும், பிறகு திரும்பி வராது. அயன் பண்ணி எழுத்தை எழுப்பலாம் எண்டு சில இடங்களில எழுதிக் கிடக்கும், அதையும் நம்பாதேங்கோ.

எது தேர்மல் எண்டு தெரியாட்டி, எழுத்தில்லாத ஒரு மூலையை நகத்தால விறுக்கெண்டு ஒரு கோடு இழுங்கோ. உரசின சூட்டில சாம்பல் கோடு விழுந்தா தேர்மல். விழாட்டி சாதாரண அச்சு, அதுக்கு அவசரமில்லை.

தேர்மல் தாளை அழிக்கிறது நாலு சாமான்: சூடு, வெளிச்சம், எண்ணெய், பிவிசி பிளாஸ்டிக். கலியாண அல்பத்தில வாற மினுக்கமான, வாசம் அடிக்கிற பிளாஸ்டிக் உறை பெரும்பாலும் பிவிசி. அதை மெதுவா வைச்சிருக்கப் போடுற எண்ணெய்ப் பொருள் கசிஞ்சு எழுத்தைக் கரைக்கும். செலோரேப் பசையும் அதையேதான் செய்யும். ரேப் ஒட்டின இடத்தில மட்டும் எழுத்து மறைஞ்சிருக்கிறதைப் பார்த்தா விளங்கும். ஒட்டின ரேப்பை இழுத்துக் கழட்ட வேண்டாம், அப்பிடியே ஸ்கான் பண்ணுங்கோ.

ஸ்கானர் தட்டையானதா இருக்கோணும், தாளை உள்ளுக்க இழுக்கிற வகை சரிவராது. 600 டிபிஐ, கலரில, ரெண்டு பக்கமும், பிஎன்ஜி அல்லது ரிஃப் வடிவில. கறுப்பு வெள்ளையில எடுத்தா மங்கின எழுத்துப் பிறகு கிடைக்காது. கலர் பிரதியைக் கிம்ப் எண்ட இலவசப் பட மென்பொருளில திறந்து சிவப்பு, பச்சை, நீலச் சானலுகளைத் தனித்தனியாப் பாருங்கோ. கண்ணுக்குத் தெரியாத எழுத்து நீலச் சானலில கொன்ராஸ்ற் கூட்டினா சிலவேளை மேல வரும். எல்லாத்துக்கும் வராது.

பிறகு ஒவ்வொண்டையும் பொலிப்புறொப்பிலீன் உறையில போட்டு, இறுக்கி மூடுற பெட்டியில சிலிக்கா ஜெல்லோட வையுங்கோ. மாரியில எங்கட வீட்டுக்க இருக்கிற ஈரத்துக்கு ஜெல் கெதியா நிரம்பும். நிறம் மாறுற வகை வாங்கினா எப்ப காய வைக்கோணும் எண்டு அதுவே சொல்லும். பனையோலைப் பெட்டி வடிவுதான், ஆனா இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. பூச்சி உருண்டையும் போட வேண்டாம், அந்த ஆவி கசெற் பெட்டி மாதிரிப் பிளாஸ்டிக்கை இளக்கும்.

புது நிகழ்ச்சியளுக்கு ரிக்கெற் வெறும் கியூஆர்தானே. செயலியை நம்பியிருக்காமல் மின்னஞ்சலில வந்த பிடிஎஃபை இப்பவே இறக்கி வையுங்கோ.


சுன்னாகம்_சவுண்ட்:

கசெற்றுக்கு வாறன். முதல் பூஞ்சணம். அந்த நாடாவை நல்ல டெக்கில ஒரு செக்கனும் ஓட்டாதேங்கோ. தூள் நாடாவை வாசிக்கிற ஹெட்டில ஒட்டி அடுத்து ஓடுற எல்லாக் கசெற்றுக்கும் தாவும். பூஞ்சணம் பிடிச்சதைத் தனி உறையில சிலிக்கா ஜெல்லோட ரெண்டு கிழமை காய விடுங்கோ. ஈரமா இருக்கேக்க துடைச்சா பூசிக்கொண்டு போகும், காய்ஞ்சா உதிரும். பிறகு முகத்துக்கு மாஸ்க் போட்டு, வெளிவிறாந்தையில வைச்சு, எறியிறதுக்கு இருக்கிற ஒரு பழைய பிளேயரில மெதுவாச் சுத்திக்கொண்டு, நூல் விடாத துணியால நாடாவின்ர ரெண்டு பக்கமும் துடையுங்கோ. ஐஞ்சு சின்ன ஸ்குறூ போட்ட கசெற் எண்டால் வேலை சுகம்: திறந்து ரெண்டு சுருளையும் எடுத்து வேற நல்ல ஓட்டுக்குள்ள மாத்தலாம். ஒட்டி மூடின வகையை விளிம்பில கத்தி வைச்சு உடைக்கத்தான் வேணும்.

கசெற்றின்ர நடுவில, ஹெட் படுற இடத்துக்குப் பின்னால ஒரு சின்னக் கம்பளித் துண்டு இருக்கும். அந்தப் பசை எங்கட வெக்கைக்குக் காய்ஞ்சு துண்டு விழுந்திடும். விழுந்தா சத்தம் அடைச்ச மாதிரி, வந்து வந்து போகும். நாடா பழுது எண்டு கனபேர் எறியிறது இதாலதான். வேற கசெற்றில இருந்து கம்பளி ஒட்டின தகட்டைக் கழட்டிப் போட்டாச் சரி.

ஓட்டுறதுக்கு லைன் அவுட் உள்ள டெக் தேடுங்கோ. ரவுணில பழைய ரேடியோ திருத்துற கடையளில கேட்டா அகப்படும், பெல்ற் மட்டும் புதுசாப் போட வேண்டி வரும். இணையத்தில விக்கிற மலிவு யூஎஸ்பி வோக்மன் வேண்டாம். வேகம் ஆடும், நிறையத்துக்கு உள்ளுக்க இருக்கிறது மோனோதான். ஹெட்டைத் துடைக்க 99 வீத ஐசோபுறொப்பைல் வேணும், போன் திருத்துற கடையில இருக்கும். பார்மசியில வாறது பெரும்பாலும் 70 வீதம், மிச்சம் தண்ணி. றப்பர் உருளைக்கு ஈரத்துணி காணும்.

டெக்கில இருந்து லப்ரொப்பின்ர ஹெட்போன் ஓட்டைக்கு வயர் குடுக்காதேங்கோ. அது மைக் எதிர்பார்க்கிற ஓட்டை, லைன் சத்தம் போனா சப்பளிஞ்சு, அதுவும் மோனோவா வரும். லைன் இன் உள்ள யூஎஸ்பி ஓடியோ பெட்டி ஒண்டு போதும். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற், வேவ். ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி. உச்சம் கழித்தல் 6 டெசிபெல்லுக்கு மேல போகாமல் வையுங்கோ. பதியேக்க லப்ரொப் பற்றரியில ஓடட்டும்: எர்த் இரைச்சலும் வராது, கரண்ட் போனாலும் பதிவு போகாது.

ஓட்ட முதல் ஒருக்கா முழுசா முன்னுக்கும் பின்னுக்கும் சுத்துங்கோ, இறுகின சுருள் இளகும். சி-120 எண்டால் அதுவும் வேண்டாம், அந்த நாடா 9 மைக்ரோன்தான், இழுபட்டுப் போகும்.

அடுத்தது அசிமத். வோக்மனின்ர ஹெட் சாய்வு ஒண்டு, உங்கட டெக்கின்ரது இன்னொண்டு. அதால சிம்பல் சத்தம் செத்துக் கேட்கும். ஹெட்டுக்குப் பக்கத்தில ஸ்பிறிங் வைச்ச ஒரு ஸ்குறூ இருக்கும். மோனோவில வைச்சுக் கேட்டுக்கொண்டு, கால் சுத்துக்கும் குறைவா அங்கால இங்கால திருப்பி, ஹைஹற் சிம்பல் எந்த இடத்தில ஆகக் கூர்மையோ அங்க நிப்பாட்டுங்கோ. கசெற்றுக்குக் கசெற் திரும்பச் செய்யோணும். ஈக்குவலைசரில றெபிளைக் கூட்டி இதைச் சரிக்கட்ட ஏலாது, இரைச்சல்தான் கூடும். டொல்பி (இரைச்சல் குறைக்கிற முறை) இல்லாமல் பதிஞ்சதை டொல்பி போட்டுக் கேட்கவும் வேண்டாம்.

கடைசியா வேகம். வோக்மன் பற்றரி இறங்கேக்க மோட்டர் மெதுவாகும். மெதுவாப் பதிஞ்சது சரியான வேகத்தில ஓடேக்க விரைவாவும் சுருதி கூடியும் கேட்கும். நிகழ்ச்சியின்ர கடைசிப் பாட்டுகளிலதான் இது வரும், அதால முழு நாடாவுக்கும் ஒரே திருத்தம் போடக்கூடாது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில கிற்றார் அம்பிளிஃபயரின்ர ரீங்காரம் கேட்குமெல்லே? அதை ஓடாசிற்றி எண்ட இலவச ஓடியோ மென்பொருளில அலைமாலை வரைபடமாப் போட்டு, அளவு 65536 வைச்சுப் பாருங்கோ. ரொறன்ரோ மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், ரீங்காரம் அதின்ர ரெண்டு மடங்கில வரும், அதால உச்சி 120இல நிக்கோணும். லண்டனும் இந்தியாவும் 50, அங்க 100. உச்சி தள்ளி நிண்டா அந்த விகிதம்தான் வேகப் பிழை.


வேலணை_வெள்ளி:

சுன்னாகம் சொன்னதில் ஓர் எச்சரிக்கை. பெரிய திறந்தவெளி நிகழ்ச்சிகள் ஜெனரேற்றரில் ஓடுபவை. அதன் அதிர்வெண் ஒன்றிரண்டு ஹேர்ட்ஸ் விலகி நிற்கலாம். ரீங்காரத்தை மட்டும் நம்பாமல் சுருதியையும் பாருங்கள். அதற்கு அந்தந்த பாண்ட் எந்தச் சுருதியில் கட்டுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கன்ஸ் அன் றோசஸ் அரைச் சுருதி குறைத்துக் கட்டுபவர்கள். மெட்டாலிக்காவும் 90களின் நடுப்பகுதியிலிருந்து மேடையில் பெரும்பாலும் அப்படித்தான். அவர்களின் பதிவு இறங்கிக் கேட்டால் நாடா மெதுவாக ஓடுகிறது என்று ஏற்றிவிடாதீர்கள். உங்கள் பதிவுகளின் காலத்தில் ஏசி/டிசியும் மெய்டனும் வழமையான ஈ (E) கட்டு. டவுன்ஸ்வியூ, லைவ் 8 இரண்டுக்கும் அதிகாரபூர்வ டிவிடி வெளிவந்தது. உங்களிடம் உள்ள பாட்டு அதில் இருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம், ஊகம் தேவையில்லை.

இனி அந்த மெய்டன் வழக்கு. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, இரண்டு நிகழ்ச்சியும் பலஸ் கிறவுண்ட்ஸில்தான் நடந்தது. முதலாவது 2007 மார்ச் 17, சனிக்கிழமை. இரண்டாவது 2009 பெப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. கிழிந்த ரிக்கெற்றில் ஆங்கிலக் கிழமைப் பெயரின் இரண்டாம் எழுத்து மிஞ்சியிருந்தாலும் தீர்ந்தது. அதுவும் இல்லையென்றால் ஒலியைக் கேளுங்கள். 2007 சுற்றுலா, 2006இல் வந்த இசைத்தொகுப்புக்காகப் போனது, அதன் புதிய பாட்டுகள் இருக்கும். 2009இல் 80களின் பாட்டுகளே பிரதானம். தொடக்கத்தில் சேர்ச்சிலின் போர்க்காலப் பேச்சு ஒலித்தால் 2009 என்று எழுதிவிடலாம்.

மெட்டாலிக்கா ரிக்கெற்றையும் திருப்பிப் பாருங்கள். 2011 ஒக்ரோபர் 28 என்று அச்சிட்டிருந்தால் அது டெல்லிக்குப் பக்கத்துக் குர்காவ் நிகழ்ச்சிக்குரியது, அது நடக்கவேயில்லை. பெங்களூரில் நடந்தது 30ஆம் திகதி, ஞாயிறு. நடக்காத நிகழ்ச்சியின் ரிக்கெற்றும் சேகரிப்பில் இருக்கத்தான் வேண்டும், ஆனால் பெங்களூர் கோப்புறைக்குள் போடாதீர்கள்.

ஃபைல் பெயரை வருடம், மாதம், நாள், ஊர், பாண்ட், யார் எடுத்தது என்ற ஒழுங்கில் வையுங்கள். பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். நாலு பேரின் ஞாபகத்தைவிடக் கடவுச்சீட்டு முத்திரை நம்பகமானது.


கொக்குவில்_கிற்றார்:

பெரிய நன்றி. கிழிஞ்ச ரிக்கெற்றில எஸ், யூ எண்டு ரெண்டு எழுத்து மிஞ்சிக் கிடக்குது, அப்ப ஞாயிறு. 2009 எண்டு முடிவு.

டவுன்ஸ்வியூ கசெற்றின்ர கடைசிப் பக்கத்தில ரீங்கார உச்சி 127 ஹேர்ட்ஸில நிக்குது. என்ன செய்ய? மற்றது, வீடியோ இணைக்கேக்க எங்கட கிளிப்பின்ர சத்தத்தை எடுத்துப்போட்டு அதிகாரபூர்வ லைவ் பதிவைப் போடலாம் எண்டு லண்டன்காரர் சொல்லுறார். கூட்டாளிமார் கத்துறதுதான் கனக்கக் கேட்குதாம்.


சுன்னாகம்_சவுண்ட்:

120ஐ 127ஆல பிரிச்சா 0.945. ஓடாசிற்றியில வேகத்தை மாத்துற எஃபெக்ற்றில அந்தப் பெருக்கத்தைக் குடுங்கோ, 5.5 வீதம் குறையும். வேகமும் சுருதியும் சேர்ந்து இறங்கோணும், சுருதியை மட்டும் மாத்துற எஃபெக்ற் வேற, அது வேண்டாம். 127 எண்டது ஏறக்குறைய ஒரு முழு அரைச்சுருதி, ஜெனரேற்றர் இவ்வளவு விலகாது, பற்றரிதான். எண்டாலும் வெள்ளி அண்ணை சொன்ன மாதிரி டிவிடியோட ஒருக்கா ஒப்பிடுங்கோ. மூலப் பதிவை மாத்தாமல் பிரதியிலதான் செய்யோணும்.

இரைச்சல் குறைக்கிற எஃபெக்ற்றை இதுகளுக்குப் போடாதேங்கோ. சனத்தின்ர இரைச்சலும் சிம்பலும் ஒரே இடத்தில கிடக்கிறதால ரெண்டையும் சேர்த்துத் தின்னும், மிச்சம் தண்ணிக்குள்ள பாடின மாதிரிக் கேட்கும். 40 ஹேர்ட்ஸுக்குக் கீழ வெட்டி விட்டால் காத்துச் சத்தமும் கை பட்ட சத்தமும் குறையும், அதோட நிப்பாட்டலாம்.


பனங்காய்:

லண்டன்காரரிட்டச் சொல்லுங்கோ, அதிகாரபூர்வப் பதிவு கடையில கிடைக்கும், கூட்டாளிமார் கத்தினது வேற எங்கயும் கிடைக்காது எண்டு. அதோட, வேற நாள் பதிவைப் போட்டா மேளக்காரரின்ர கை ஒரு இடத்தில, அடி இன்னொரு இடத்தில விழும். பாட்டு ஒண்டுதான், ஆனா வேகம் ஒவ்வொரு இரவும் வேற. யூரியூப்பில ஏத்தினா உரிமைக்காரர் பிடிக்கிறதும் அப்ப இன்னும் சுகம். நாலு பேருக்குள்ள வைச்சிருக்கிறதுக்கு உங்கட சத்தமே போதும்.

இனி இணைக்கிற வேலை. வட்ஸ்அப்பில வீடியோவா வந்த பிரதி எல்லாம் நசிச்சது, அதைத் தொடாதேங்கோ. எடுத்தவரின்ர போனில இருக்கிற மூலத்தைக் கேளுங்கோ. வட்ஸ்அப்பிலயே டொக்கியுமென்ற் எண்டு அனுப்பினா நசியாது, ஒரு ஃபைல் 2 ஜிபி வரை போகும். கூகுள் ஃபோட்டோஸில இடம் மிச்சம் பிடிக்கிற தெரிவில ஏத்தியிருந்தா அங்க இருக்கிறதும் மூலமில்லை.

போன் வீடியோவின்ர ஃபிறேம் வேகம் நிலையா நிக்காது, வெளிச்சம் குறைய அதுவும் குறையும். அப்பிடியே எடிற்றரில போட்டா தொடக்கத்தில பொருந்தினது நாலாம் நிமிசத்தில வாயும் சத்தமும் பிரிஞ்சு நிக்கும். முதல் ஹான்ட்பிரேக் எண்ட இலவச மென்பொருளில ஃபிறேம் வேகத்தைக் கொன்ஸ்ரன்ற் எண்டு வைச்சு மாத்துங்கோ. டாவின்சி றிசொல்வ் எண்ட இலவச எடிற்றர் ஓடியோ அலையைப் பார்த்துத் தானாப் பொருத்தும். ஓடியோ வெடிச்ச கிளிப்புகளில அது பிழைக்கும், அப்ப ஸ்நெயர் மேள அடி ஒண்டைக் கண்ணால பார்த்துக் கையால நகர்த்துங்கோ. முழு நிகழ்ச்சியையும் ஒரே மூச்சில பொருத்த நினைக்க வேண்டாம், பாட்டுக்குப் பாட்டு.

இதில ஒரு சுழி இருக்குது. சத்தம் செக்கனுக்கு ஏறக்குறைய 345 மீற்றர் போகும். ஒருத்தர் மற்றவரைவிட 35 மீற்றர் பின்னுக்கு நிண்டா அவற்ற போனுக்குச் சத்தம் 0.1 செக்கன் பிந்தும், 30 ஃபிறேம் வீடியோவில அது மூண்டு ஃபிறேம். ஓடியோவைப் பார்த்துப் பொருத்தினா அவற்ற படம் மூண்டு ஃபிறேம் முந்திப் போகும்: குச்சி மேளத்தில பட்ட பிறகுதான் அடி கேட்கும். பொருத்துறதுக்கு முன்னுக்கு நிண்டவரின்ர ஓடியோவை அடிப்படையா வைச்சு, தூரத்து ஆக்களின்ர படத்தை அவ்வளவுக்குப் பின்னுக்குத் தள்ளுங்கோ. நடுவில உயரக் கம்பத்தில ஸ்பீக்கர் கட்டியிருந்தா இந்தக் கணக்குப் பிழைக்கும், கண்தான் துணை.

ஓடியோவுக்கு ஆகத் திறம் மிக்சர் மேசைக்குக் கிட்ட நிண்டவரின்ர கிளிப். மேடைக்கு முன்னால நிண்டவருக்குப் படம் வடிவா இருக்கும், ஆனா சப்வூஃபருக்கு முன்னால போன் மைக் சப்பளிஞ்சு போயிருக்கும், அதைத் திருத்த ஏலாது. முன்னால இருந்து படம், மேசையடியில இருந்து சத்தம். நொக்கியா 3ஜிபியில சத்தம் தொலைபேசித் தரம், 4 கிலோஹேர்ட்ஸுக்கு மேல ஒண்டுமே இல்லை. அதைப் படத்துக்கு மட்டும் பாவியுங்கோ.

கிளிப்பின்ர நேரமுத்திரை பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில இருக்கும், மீடியாஇன்ஃபோ எண்ட மென்பொருளில தெரியும். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் 5.30 கூட்டினாச் சரி. லண்டன் கோடையில 1 மணித்தியாலம் கூட்டோணும், ரொறன்ரோ கோடையில 4 கழிக்கோணும். இதைக் கவனிக்காட்டி இரவு நிகழ்ச்சி அடுத்த நாள் கோப்புறைக்குள்ள போயிருக்கும்.


மாரிமழை:

மினிடிவியை ஒருத்தரும் தொடேல்ல. அதுக்கு ஃபயர்வயர் (பழைய வீடியோ வயர் வகை) ஓட்டை வேணும். கமெராவின்ர யூஎஸ்பி ஓட்டை கனக்க மொடலில படம் மட்டும்தான் தரும், வீடியோ வந்தாலும் தரம் குறைவு. ஃபயர்வயர் கார்ட் போட்ட பழைய டெஸ்க்ரொப்பும் வின்டிவி எண்ட இலவச மென்பொருளும் காணும். ஒரு மணித்தியாலத்துக்கு 13 ஜிபி போகும். ரொறன்ரோ நாடா என்ரிஎஸ்சி (NTSC) எண்ட வீடியோ முறை, இஞ்ச அகப்படுற கமெரா பெரும்பாலும் பல் (PAL) எண்ட மற்ற முறை. பல் கமெரா அதை ஓட்டாமல் நீலத்திரை காட்டினா நாடா பழுதெண்டு நினைக்க வேண்டாம். பதிஞ்ச கமெரா இன்னும் ரொறன்ரோவில இருந்தா அதையே வரப் பண்ணுங்கோ, எல்பி (கூட நேரம் பதிய நாடாவை மெதுவா ஓட்டுற) வேகத்தில பதிஞ்ச நாடா வேற கமெராவில கட்டம் கட்டமா உடையும்.

ரி-சேட்டுகளைப் பற்றி: நெஞ்சில இருக்கிற படம் பிளாஸ்ரிசோல் மை, மேல அயன் வைச்சா ஒட்டிக்கொண்டு வரும். உள்பக்கம் வெளிய திருப்பி, பச்சைத்தண்ணியில அலசி, நிழலில காயப் போடுங்கோ. மடிச்ச கோட்டிலதான் முதல் வெடிக்கும், அதால படத்துக்கு மேல அமிலமில்லாத தாள் ஒண்டை வைச்சுச் சுருட்டி வையுங்கோ. படத்தோட படம் முட்டினா எங்கட சித்திரை வெக்கைக்கு ரெண்டும் ஒண்டோட ஒண்டு ஒட்டும்.